ஒரு ஊசியப் போடுங்க, போயிர்றேன்

குடும்ப மருத்துவம் என்பது, "ஒரு ஊசியப் போடுங்க, போயிர்றேன்" என்று வருகிறவர்களில் யார் வீட்டுக்குப் போவார், யார் நிஜமாகவே போய்விடுவார் என்று கண்டுபிடிக்கும் தொழில்.

கண் டாக்டரிடம் போகிறவர் கண்ணைக் காட்டுகிறார், பல் டாக்டரிடம் போகிறவர் பல்லைக் காட்டுகிறார். எங்களிடம் வருகிறவரோ நாற்காலியில் உட்கார்ந்து "ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்கிறார். அது எந்த மாதிரி என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். வீரபாண்டி பக்கம், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கிளினிக்கில் நான் இந்தப் படிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சளி, இருமல், முதுகுவலி என்று நீளும் வரிசையில் ஆபத்தான ஆள் ஒருவரும் சாதுவாக நின்றுகொண்டிருப்பார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அந்த ஒரே கவலையில் சாப்பாடு இறங்காமல் திரியும் என் சக பயிற்சி டாக்டர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்தி தெரியும்

நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாலே பாதி நோய் பிடிபட்டுவிடும் என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்டால் புரிய வேண்டுமே! வடக்கிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் எங்கள் கிளினிக்கில் அதிகம் என்பதால், போனில் பாடம் கேட்டு இந்தி கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட கையோடு அயர்னிங் செக்‌ஷனில் வேலை செய்யும் ஓர் இளைஞர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். துணைக்கு அவருடைய சூப்பர்வைசர்.

என் இந்தியை அவிழ்த்துவிட்டேன். எங்கே வலி, எப்போதிருந்து, வாந்தி உண்டா? அவர் திருதிருவென்று விழித்தார். இன்னும் சத்தமாகக் கேட்டேன். மொழி புரியாதவருக்குச் சத்தம் புரியும் என்று நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சூப்பர்வைசரும் தன் பங்குக்கு "கியா? கியா?" என்று அவர் தோளை உலுக்கினார். அடிவயிற்றின் வலது பக்கம் கைவைத்தால் மனிதர் துள்ளுகிறார். குடல்வாலாக இருக்குமோ? வலி முதலில் எங்கே ஆரம்பித்தது என்று தெரியாமல் எனக்கு வியர்த்துவிட்டது. குடல்வால்தான் என்று பிறகு உறுதியாகி அன்றே ஆபரேஷனும் ஆகிவிட்டது. ஆனால் அதற்கு முன், அவ்வளவு வலியிலும் கையெடுத்துக் கும்பிட்டு அவர் சொன்னது இது:

"ஏனுங்க டாக்டர், தமிழ்லயே கேளுங்க. நான் ஒடிசாங்க, இந்தி நமக்கு அவ்வளவா வராதுங்க."

சுகருக்கு ஓவர்டைம்

மல்லிகா அக்கா ஓவர்லாக் மெஷினில் தைப்பவர். அவருடைய சர்க்கரை என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒருமுறை பார்த்தால் ஏறிக் கிடக்கும், இன்னொருமுறை தரையில் கிடக்கும். ஒருநாள் மெஷின் மேலேயே தலைசாய்ந்துவிட்டார். பக்கத்து மெஷின்காரர் சமயத்தில் டீயில் நிறையச் சர்க்கரை போட்டுக் கொடுத்ததால் பிழைத்தார். நான் கணையத்தைச் சந்தேகித்தேன், சிறுநீரகத்தைச் சந்தேகித்தேன், ஆய்வகத்துக்காரரைக்கூடச் சந்தேகித்தேன். மாத்திரையை மாற்றுவதற்குப் பேனாவைத் திறந்த பிறகுதான், அதை எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்கத் தோன்றியது.

எங்கள் ஊரில் வேலைக்கு அளவு ஷிப்ட். பகல் முழுக்கத் தைத்தால் ஒரு ஷிப்ட், அதற்கு மேலும் உட்கார்ந்து இரவுச் சாப்பாட்டு நேரம்வரை தைத்தால் ஒண்ணரை. அக்கா மாத்திரையையும் அதே கணக்கில் போட்டிருக்கிறார். ஒரு ஷிப்ட் என்றால் ஒன்று, ஒண்ணரை என்றால் ஒண்ணரை, ஷிப்மென்ட் அவசரத்தில் விடிய விடியத் தைத்தால் இரண்டு. அதிக வேலைக்கு அதிக மாத்திரை, நியாயம்தானே? "அப்போ ஞாயிற்றுக்கிழமை?" என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கம்பெனியே லீவுங்களே டாக்டர், சுகருக்கு மட்டும் எதுக்குங்க ஓவர்டைம்?"

பொறுத்துப் பார்ப்போம்

நம் படிப்பிலேயே கஷ்டமான சிகிச்சை, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். சேவூரிலிருந்து ஓர் அப்பா, மூக்கு ஒழுகும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காய்ச்சல் இல்லை, மூச்சு இரைப்பு இல்லை, குழந்தை என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி விளையாடுகிறது. ஆன்டிபயாடிக் தேவையில்லை, தானே சரியாகிவிடும், பால் குடிக்காமல் சோர்ந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், அதுவரை பொறுத்துப் பார்ப்போம் என்று அழகாக விளக்கினேன். பரீட்சையாக இருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். அப்பா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பாக்கறதுதான் நாங்க ஊட்டுலயே பாத்துட்டு இருந்தமுங்களே. அதுக்கு இவ்வளவு தூரம் பஸ்ஸேறி வரோணுங்களா?"

ஒரே பீஸைப் பார்த்து

சுப்பிரமணி அண்ணன் ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியன்களில் கறை, ஓட்டை, தையல் பிசகு இருக்கிறதா என்று பார்ப்பவர். ஒரு முற்பகலில் ஸ்கூட்டரை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். நெஞ்சில் ஒரு இறுக்கம், காலையில் தின்ற புரோட்டாவால் வந்த கேஸ் என்று முடிவையும் அவரே சொல்லிவிட்டார். ஊசி போட்டால் போதும், கம்பெனி வாசலில் சரக்கேற்றக் கன்டெய்னர் நிற்கிறது என்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. எனக்கு அந்த வியர்வை பிடிக்கவில்லை. ஈசிஜி எடுத்தேன். ஒரு குறையும் இல்லை.

"பாத்தீங்களா, கேஸுதானுங்க" என்று சட்டையை மாட்டினார். எனக்குப் பயிற்சி தரும் பெரிய டாக்டர் அன்று ஊரில் இல்லை. போனும் எடுக்கவில்லை. அனுப்பினால் வழியில் விழுந்துவிடுவாரோ என்று பயம். நிறுத்திவைத்து வெறும் கேஸாகப் போனால், கன்டெய்னரைக் கெடுத்தவள் என்ற பெயர் ஊர் முழுக்கப் பரவும். மாரடைப்பின் ஆரம்பத்தில் ஈசிஜி நன்றாகவே இருக்கலாம், வலி நீடித்தால் திரும்ப எடுக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்திருப்பவருக்கு அதை எப்படிப் புரியவைப்பது? கோபத்தில் கேட்டுவிட்டேன்: "ஏங்கண்ணா, ஒரே ஒரு பீஸைப் பார்த்துட்டு மொத்த லாட்டையும் பாஸ் பண்ணுவீங்களா?" தொழிலைத் தொட்டதும் ரோஷம் வந்துவிட்டது. "அதெப்படிங்க பண்ணுவேன்?" என்று திரும்ப உட்கார்ந்தார். ஆஸ்பிரின் கொடுத்துப் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்த அடுத்த ஈசிஜியில் கோடுகள் மேலே ஏறியிருந்தன. மாரடைப்புதான்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் கன்டெய்னர் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. செக்கிங்கில் திருத்தினால் தேறுகிற துணிக்கு ஆல்ட்டர் என்று பெயர், தேறாததற்கு ரிஜெக்ட். அவர் மெதுவாகக் கேட்டார்: "நெசத்தச் சொல்லு கண்ணு, நான் ஆல்ட்டரா, ரிஜெக்ட்டா?" எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் "ஆல்ட்டர்தானுங்கண்ணா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, வண்டி போனதும் ஊசி போடும் அறைக்குள் போய் அழுதேன். பெரிய ஆஸ்பத்திரியில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து வெயிலில் மெதுவாக நடந்து வந்து, என் முன்னால் உட்கார்ந்து சட்டைப் பட்டனைக் கழற்றினார்.

"ஆல்ட்டர் பண்ணியாச்சுங்க டாக்டரம்மா. ஒருக்கா செக் பண்ணி நீங்களே பாஸ் போட்டுருங்க."

ஆக, சக பயிற்சி டாக்டர்களே, வீட்டுக்கு அனுப்பினால் மருந்து தரவில்லை என்று திட்டுவார்கள், பிடித்து உட்காரவைத்தால் வேலையைக் கெடுத்தோம் என்று திட்டுவார்கள், இரண்டு பேரும் உயிரோடு இருந்து திட்டினால் அன்றைக்கு நாம் சரியாகத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறோம்.