தேயிலைத் தண்ணீர் மேல் விழுந்த பழி

பல் டாக்டர்களில் கம்பி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், வெள்ளையாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவள் வேர் மட்டும்தான் பார்ப்பாள். பல்லுக்குள் நூல் போல ஓடும் குழாயில் செத்துப்போன சதையை எடுத்து, கிருமியைக் கழுவி, அடைத்து மூடுவது அவள் வேலை. நன்றாகச் செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. அதன் மேல் கேப் என்கிற உறையை மாட்டிவிடும் அவள் அண்ணனுக்குத்தான் எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். கிளினிக்கும் அண்ணனுடையதுதான். அதைப் பற்றியெல்லாம் அவளுக்கு வருத்தமில்லை. முன்னறையில் நின்று சிரித்துப் பேச அவளால் ஆகாது. பின்னறையில் விளக்கைக் கீழே இழுத்துவிட்டு ஒரு பல்லோடு மல்லுக்கட்டச் சொன்னால் மத்தியானச் சாப்பாடே மறந்துபோகும்.

வேரைக் கழுவ அவர்கள் பயன்படுத்துவது ஹைப்போ. துணி வெளுக்கிற பிளீச்சுக்கு நெருங்கிய சொந்தம். கிருமியைக் கொல்லும், செத்த சதையைக் கரைக்கும். ஆனால் அதற்கு வேண்டியவர் வேண்டாதவர் தெரியாது. உதட்டில் பட்டால் உதட்டைச் சுடும், சட்டையில் பட்டால் சட்டையை வெளுக்கும். வேரின் நுனி தாண்டிக் கசிந்தால் முகம் ஒரே நாளில் பூசணிக்காயாகிவிடும். மேல்படிப்பின்போது அப்படி ஒரு முகத்தைப் பார்த்தாள். இதைவிடச் சாதுவாக ஒன்று கிடைக்காதா என்று தேட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

தேடியதில் பச்சைத் தேயிலைச் சாறு ஓரளவு தேறியது. பிடுங்கிப்போட்ட பற்களுக்குள் கிருமியை வளர்த்து, தேயிலைச் சாற்றால் கழுவிப் பார்த்தாள். கணிசமாகச் செத்தன. எல்லாம் சாகவில்லை. செத்த சதையை அது கொஞ்சமும் கரைக்கவில்லை. ஆகவே, ஹைப்போவால் கழுவி முடித்த பிறகு துணைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், அதன் இடத்தில் உட்கார வைக்க முடியாது, மனிதர் வாயில் இன்னும் சோதிக்கவும் இல்லை என்று மேல்படிப்பு ஆய்வேட்டில் எழுதிக் கொடுத்தாள். பரீட்சித்தவர்கள் பாராட்டினார்கள். அண்ணன் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னதில் முதல் பாதியைக் கேட்டுவிட்டு போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

போன மாதம் மாணவர்களுக்குத் தேர்வு நடத்த வெளியூர் போயிருந்தாள். திரும்பி வந்து கிளினிக் கதவைத் திறந்தால், வரவேற்பு மேசைக்கு மேலே புது போர்டு. பெரிய பச்சை இலை. ‘நெடியில்லை, எரிச்சலில்லை. இயற்கைத் தேயிலையால் வேர் சிகிச்சை.’ அடியில் அவள் பெயர், பட்டங்களோடு.

நேரே அண்ணன் அறைக்குப் போனாள்.

"என்னைக் கேட்காம என் பேரை யாருண்ணா போடச் சொன்னது?"

"ஆள் போட்டோதான் போடலாம்னு நினைச்சேன். நீ போட்டோவுல எப்பவும் முறைச்சுக்கிட்டே இருக்கே, அதான் இலையைப் போட்டேன்."

"விளையாடாதண்ணா. அது ஹைப்போவுக்குப் பதில் இல்லைன்னு தெளிவா எழுதியிருக்கேன்."

"எழுதினே, யார் படிக்கிறா? ஹைப்போ வாடை தாங்காம ஓடிப்போன ஆளுங்க எல்லாம் திரும்பி வர்றாங்க. இப்ப வர்றவங்களுக்கெல்லாம் நானே வெறும் டீயிலதான் கழுவுறேன். ஒருத்தர்கூடக் குறை சொல்லலை. பெருமைப்படுவேன்னு பார்த்தா சண்டைக்கு வர்றே."

"நான் பிடுங்கின பல்லுல பண்ணினது. அந்தப் பல்லுக்குப் பின்னால ஆள் கிடையாது."

அண்ணன் சிரித்தான். போர்டை அன்றே கழற்றச் சொன்னாள். கழற்றும் ஆள் வெள்ளிக்கிழமைதான் வருவானாம். மாட்டும்போது மட்டும் ஆள் உடனே கிடைத்திருக்கிறான். அவள் பின்னறைக்குப் போனாள். உதவியாளர் அங்கே கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓயாமல் பேசுவார் என்பதால் அந்த அம்மாளுக்கு அங்கே ரேடியோ என்றே பெயர். தேயிலைச் சாறு நிரப்பிய ஊசிகள் வரிசையாக நின்றன.

"நான்கூட கேட்டேன் டாக்டரம்மா, சர்க்கரை அளவா போடணுமான்னு. பெரிய டாக்டர் முறைச்சாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் காலி செய்தாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே டிரம்பெட்காரர் ஒருவர் வந்துவிட்டார். விருந்துகளில் வாசிக்கிறவர். டிரம்பெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலுதடு ஒருபக்கம் உருண்டு நின்றது. ஊதுவாய் அழுத்தி அழுத்தி உதட்டில் பதிந்த வட்டத் தழும்பு அந்த வீக்கத்தில் பளபளத்தது. முன்பல். அவள் வெளியூரில் இருந்தபோது அண்ணன் அதற்கு வேர் பார்த்து, ஒரே வருகையில் தேயிலைச் சாற்றால் கழுவி அடைத்திருந்தான்.

"ஊதினா உசிரு போகுது. இந்தப் பல்லு போச்சுன்னா நான் தாளம் தட்டத்தான் போகணும். அதுக்கும் ஏற்கெனவே என் மச்சான் இருக்கான்" என்றார்.

எக்ஸ்ரேயில் வேர் நுனியில், சீழ் கோத்ததற்கு அடையாளமாக, நிழல் தட்டியிருந்தது. அண்ணன் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனான். முகம் வெளிறியிருந்தது. அவன் மோசமான டாக்டர் இல்லை, அவசரக்காரன், அவ்வளவுதான்.

"உன் டீ காலை வாரிடுச்சு" என்றான்.

உன் டீ. பெருமை வந்தபோது கிளினிக்குடையது, வீக்கம் வந்ததும் அவளுடையது. அவள் வாயைத் திறப்பதற்குள் தட்டோடு வந்த ரேடியோ, "ரப்பர் திரை எடுத்து வைக்கவா டாக்டரம்மா, இல்ல இதுக்கும் வேணாமா?" என்று கேட்டார்.

"இதுக்கும்னா?"

"டீ போடறதுக்கு வேணாம்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரே. இவருக்கும் போடலை."

பல்லை மட்டும் வெளியே விட்டு, வாய் முழுவதையும் மறைக்கிற மெல்லிய ரப்பர் துண்டு அது. அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"ஹைப்போ தொண்டைக்குள்ள போகாம இருக்கத்தானே அது? இது டீ. முழுங்கினாலும் ஒண்ணும் ஆகாது. எதுக்கு வாயில ரப்பரைக் கட்டி மனுஷனைக் கஷ்டப்படுத்தணும்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டான். சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது.

அந்தத் திரை மருந்தை வாய்க்குள் விடாமல் தடுக்கிற மழைக்கோட்டு மட்டும் இல்லை. எச்சிலைப் பல்லுக்குள் விடாமல் தடுப்பதும் அதுதான். எச்சில் முழுக்கக் கிருமி. ஒரு பக்கம் கழுவிக்கொண்டே மறுபக்கம் எச்சிலை ஊறவிட்டு அடைத்திருக்கிறான். அதை எதனால் கழுவியிருந்தால்தான் என்ன? மருந்து சாதுவானது என்றதும் அண்ணனின் கையும் அசட்டையாகிவிட்டது. இத்தனை வருடம் தேடிய தேயிலையை அவள் கொண்டாடவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை. ஆனால் செய்யாத குற்றத்துக்கு அது கூண்டில் நிற்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. போர்டு போட்டதைவிட இது பெரிய அநியாயமாகப் பட்டது. இனி யாராவது உண்மையாகவே அதைச் சோதிக்க வந்தால், அங்கே செய்து பார்த்தார்கள், வீங்கிவிட்டது என்றுதானே சொல்வார்கள்?

"பல்லே பலவீனமான பல்லுன்னு அவர்கிட்ட சொல்லிடும்மா. நீ சொன்னா நம்புவார்" என்றான் அண்ணன்.

"பல்லு நல்ல பல்லு. நீயும் உள்ள வா. நான் சொல்றதுல தப்பு இருந்தா அங்கேயே சொல்லு."

அண்ணன் பின்னாலேயே வந்தான். அவள் டிரம்பெட்காரர் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெறும் தேயிலைச் சாறு போதாது என்பதையும், ரப்பர் திரை போடாததையும், போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். பல்லைத் திறந்து மறுபடி கழுவினால் பெரும்பாலும் தேறிவிடும், ஆனால் சத்தியம் செய்ய முடியாது என்றாள். அண்ணன் கதவோரம் நின்று, "என் தப்புதான் சார்" என்றான்.

அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. "போர்டுல உங்க பேருதானே இருக்கு?" என்று அவளைத்தான் கேட்டார்.

"ஆமா."

"அதைப் பார்த்துத்தான் நான் நாற்காலியில உட்கார்ந்தேன்."

தன்னைக் கேட்காமல் போட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் வந்த அன்றே நாற்காலி போட்டு ஏறி அவளே அதைக் கழற்றியிருக்கலாமே? வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஏன் காத்திருந்தாள்?

அவர் பெட்டியின் கொக்கியை மூடி அதைக் கீழே வைத்தார். பிறகு வாயைத் திறந்தார்.

திரையைக் கட்டினாள். அடைப்பை எடுத்ததும் சீழ் நாறிக்கொண்டு வந்தது. ஹைப்போவை ஊசியில் எடுத்து, நுனிக்கு முன்பே நிறுத்தி, சொட்டுச் சொட்டாக விட்டாள். அறை முழுக்கப் பிளீச் நெடி ஏறியது. உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடி அனுப்பினாள். அவர் போனதும் முன்னறைக்குப் போனாள். அண்ணன் ஏற்கெனவே மேசை மேல் ஏறி நின்று போர்டின் திருகுகளோடு போராடிக்கொண்டிருந்தான். அவள் உதவிக்குப் போகவில்லை.

"டீ போட்ட மத்தவங்களையெல்லாம் கூப்பிடு. ஒவ்வொருத்தரையா வரச்சொல்லிப் பார்க்கணும்" என்றாள்.

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

டிரம்பெட்காரர் மறுபடி வந்தபோது வீக்கம் வடிந்திருந்தது. தட்டினால் வலிக்கவில்லை. வேர் உலர்ந்து சுத்தமாக இருந்தது. கழுவி, அடைத்து மூடினாள். திரையைக் கழற்றியதும் அவர் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார்.

"தேறிடுச்சா?"

"இன்னிக்குத் தேறியிருக்கு. நுனியில இருக்கிற நிழல் மறைய மாசக்கணக்காகும். இந்த வாரம் ஊதாதீங்க."

"எனக்கு இன்னும் கோபம் ஆறலை டாக்டர்."

"எனக்கும் ஆறலை" என்றாள். அவர் எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். அண்ணன் கூப்பிட்டு வரவழைத்திருந்த அடுத்த ஆள் உள்ளே வந்தார்.