கம்ப்யூட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

“எந்திரிங்க மாப்பிள்ளே, விடிஞ்சு ரொம்ப நேரமாச்சு” என்று சொல்லிக்கொண்டே அம்சவள்ளி சுவிட்சைத் தட்டுகிறாள். வெளியே ஈஜோக் வெயில் லோரிகளின் தகரத்தைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. உள்ளே அவள் ஆண்கள் போடும் கம்பளி ஸ்வெட்டருக்குக் கழுத்துவரை பொத்தான் மாட்டி, அதன்மேல் சேலைத் தலைப்பையும் இழுத்துப் போர்த்தியிருக்கிறாள். ஏர்கோன் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. மாப்பிள்ளைக்கோ அது இல்லாமல் ஆகாது.

மாப்பிள்ளை என்பது ஆலையின் கம்ப்யூட்டர். கோல சிலாங்கூரிலிருந்து ஈஜோக் போகும் பாதையில் இருக்கும் செம்பனை எண்ணெய் ஆலை அது. எண்பத்து நாலில் வந்து இறங்கிய அந்த இயந்திரம் இடுப்பளவு உயரம். அதிலிருந்து லோரி நிறுக்கும் கொட்டகைக்கு ஒரு திரை, ஸ்டோருக்கு ஒரு திரை, ஆபீசுக்கு ஒரு திரை என்று கம்பி போகிறது. “குளிருல வைக்கணும், தூசி படக்கூடாது, நேரத்துக்குக் கவனிக்கலன்னா மூஞ்சத் தூக்கி வச்சுக்கும். மாப்பிள்ளைன்னு கூப்பிடாம வேற எப்படிக் கூப்பிடறதாம்?” என்பாள். கல்யாணம் ஆகாதவள் இப்படிச் சொல்கிறாளே என்று ஆபீஸ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள் பொத்தாமலே சிரிப்பாள்.

அடக்கம் என்ற சமாச்சாரம் அம்சவள்ளிக்குத் தூரத்து உறவுகூட இல்லை. எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்து, சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி ரவாங்கில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் வந்தவள். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு அறைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். அறைச் சாவி அவள் இடுப்பில்தான். “மேனேஜரே வந்தாலும் என்னக் கேட்டுத்தான் கதவத் தொறக்கணும்” என்று தேநீர் நேரத்தில் யாராவது கேட்காமலே சொல்வாள்.

அவள் அம்மா அன்னம்மா அதற்கும் ஒருபடி மேலே. லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து, அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நிறுத்தி, “அங்க குந்திக்கிட்டு இருக்கறது எம்மவ” என்று காட்டுவாள். அம்சவள்ளி திரும்பிப் பார்க்கமாட்டாள். ஆனால் விரல்கள் மட்டும் திடீரென்று படபடவென்று ஓட ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் திரையில் ஒன்றுமே இருக்காது என்பது ஆபீசில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

அப்பேர்ப்பட்டவளின் அறைக்கே சென்ற சரஸ்வதி பூஜையில் ஆபத்து வந்தது.

பூஜை விஷயத்தில் ஆலைக்காரர்கள் குறை வைப்பதில்லை. பாய்லர், டிராக்டர், லோரி, தராசு எல்லாவற்றுக்கும் திருநீறும் சந்தனமும் உண்டு. நடத்துபவர் அப்பளசாமி, சம்பளத்துக்கு ஸ்டோர்கீப்பர், சொந்த விருப்பத்துக்குப் பூசாரி. கம்ப்யூட்டர் ரூமுக்கும் பூஜை வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் அம்சவள்ளிதான். எல்லாரும் சரஸ்வதி படத்தின் முன் புத்தகம் வைத்தபோது, இவள் தோசையளவில் இருக்கும் இரண்டு டிஸ்குகளைக் கொண்டுபோய் வைத்தாள். எந்தத் திரை எங்கே இருக்கிறது, எந்தக் கணக்கு எந்த மூலையில் கிடக்கிறது என்று இயந்திரம் தனக்குத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் கோப்பின் நகல்கள் அவை. வெள்ளிக்கிழமை தவறாமல் எடுப்பாள். “படிச்ச புஸ்தகத்த வைக்கறாங்க, நான் பொழைக்கற புஸ்தகத்த வைக்கறேன்” என்று அதற்கும் ஒரு பெருமை.

அவள் சுண்டல் பங்கு வைக்கப் போன நேரத்தில் அப்பளசாமி பொட்டு வைக்க அறைக்கு வந்தார். கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஆயுதங்களுக்கு ஓய்வு கொடுக்கவேண்டிய நாளில் இது மட்டும் உழைக்கிறதே என்று மனம் இரங்கி, மெயின் சுவிட்சை அணைத்தார். அணைக்குமுன் அந்த இயந்திரத்திடம் சொல்லிவிட்டு அணைக்கவேண்டும். அது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் எழுதியது பாதியில் நின்றுபோகும். அவர் பாவம், கண்டாரா?

மறுநாள் காலையில் மெயின் சுவிட்ச் அணைந்து கிடந்தது. அதைப் போட்டும் மாப்பிள்ளை எந்திரிக்கவில்லை. சிஸ்டம் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று ஒரே ஒரு வரி. மூன்று திரைகளும் இருண்டு கிடந்தன. தன் கைகால் எங்கே இருக்கிறது என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது.

ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி கார்த்திகேசு, கோலாலம்பூரில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். “நகல் இருந்தால் அதிலயிருந்து எடுக்கலாமாம். இல்லாட்டி ஆள் நாளைக்கு வந்து எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திரும்ப ஏத்துவானாம். அப்பிடி அழியிறதெண்டால் இனி ஹெட் ஆபீசே கணக்குப் பார்க்கட்டும். இந்த அறை உரம் அடுக்க உதவும். நீர் பழையபடி டைப் அடியும், பிள்ளை” என்றார். அதட்டவில்லை, பஸ் நேரம் சொல்வது போலத்தான் சொன்னார். அம்சவள்ளியின் கை இடுப்புச் சாவிக்குப் போயிற்று.

“சுவிட்சை அணைச்சது ஆர்?” என்று கார்த்திகேசு கேட்டார்.

வாசலில் அப்பளசாமி முகம் வெளுத்து நின்றிருந்தார். அம்சவள்ளி அவர் பக்கம் பார்க்கவே இல்லை. “என் ரூம்ல நடந்ததுக்கு நான்தான் சார் பொறுப்பு. சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க” என்றாள்.

நகல்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் பூஜை மேசைக்கு ஓடினாள். இரண்டு டிஸ்குகளிலும் சந்தனமும் குங்குமமும் கொழகொழவென்று அப்பியிருந்தன. உறையில் எங்காவது இருந்தால் துடைத்துவிடலாம். டிஸ்கின் தட்டு வெளியே தெரிவதற்காக உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். சரியாக அந்த இடத்தில் பொட்டு.

“அண்ணே, இத்தனாம் பெரிய உறையில ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலியா?”

“பொட்டு வைக்கத்தான் எடம் விட்ருக்காங்கன்னு நெனச்சேன் லா, தங்கச்சி” என்றார் அப்பளசாமி. சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, “போய்க் கொதிச்சு ஆறுன தண்ணி கொண்டாங்க. சவரம் பண்ற பிளேடு ஒண்ணும்” என்றாள். அவர் ஓடிப்போய்க் கொண்டுவந்தார்.

முன்பு ஒருநாள் இதே போன்ற ஒரு டிஸ்கில் குடிக்க வைத்திருந்த மைலோவைக் கொட்டி, யாருக்கும் தெரியாமல் கழுவிக் காப்பாற்றியிருக்கிறாள். அவள் பெருமை பேசாமல் விட்ட ஒரே சாதனை அதுதான்.

உறையின் ஓரத்தைப் பிளேடால் கீறி, உள்ளேயிருந்த மெல்லிய பழுப்புத் தட்டை விளிம்பில் பிடித்து உருவினாள். தண்ணீரில் ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டு அலசினாள். காய்ந்துபோன சந்தனம் ஒரு இடத்தில் விடாமல் ஒட்டியிருந்தது. பொறுமை இழந்து மல் துணியால் ஒரு தேய் தேய்த்தாள். அதுதான் வினை. புது டிஸ்கு ஒன்றைப் பிரித்து, அதன் உறைக்குள் இதைச் செருகி ஓட விட்டபோது கறகறவென்று சத்தம் வந்தது. சந்தனத் துகள் கீறிவிட்டது. ஒரு நகல் போயே போய்விட்டது.

இன்னும் ஒன்றுதான் மிச்சம். ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள். அந்தக் குளிரிலும் அவளுக்கு வேர்த்திருந்தது. இந்த முறை தேய்க்கவில்லை. தட்டைத் தண்ணீரில் ஊறவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, சந்தனம் தானாகவே இளகி மிதந்து வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பளசாமி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். “அண்ணே, சாமிகிட்ட அப்பறம் பேசிக்கலாம், தண்ணிய மாத்துங்க” என்றாள்.

காய்ந்த தட்டை இன்னொரு புது உறைக்குள் செருகி ஓட விட்டாள். சத்தம் இல்லை. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. கோப்பு வரிவரியாக உள்ளே ஏறியது. அது போன வெள்ளிக்கிழமைக் கோப்பு என்பதால், அதற்குப் பிறகு மாட்டிய ஸ்டோர் பிரிண்டரை மட்டும் இயந்திரத்துக்கு அடையாளம் தெரியவில்லை. அதை அவள் கையாலேயே எழுதிச் சேர்த்தாள். பிறகு அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி போட்டாள்.

லோரிக் கொட்டகையிலிருந்து முதலில் கூச்சல் கேட்டது: “வந்துருச்சு! இங்க வந்துருச்சு!” அப்பளசாமி ஸ்டோருக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே கத்தினார். ஆபீஸ் பெண்கள் கை தட்டினார்கள். அழித்து எழுதவேண்டிய கணக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அம்சவள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டு, ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டுக் கார்த்திகேசு விறுவிறுவென்று வந்தார். “உண்மையா வேலை செய்யுதோ? அந்தக் கோலாலம்பூர் ஆளை வரவேண்டாமெண்டு சொல்லவோ, பிள்ளை?” என்று கேட்டுக்கொண்டே அறைக்குள் ஒரு காலை எடுத்து வைத்தார்.

மற்றவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரும் அந்த அறைக்குள், அதுவரை அவர் மட்டும் காலில் மாட்டிய சப்பாத்தோடுதான் வந்து போவார். அவளும் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையை மட்டும் நீட்டி, ஒரு விரலால் அவர் சப்பாத்தைக் காட்டினாள்.

பெரிய கிராணி அந்த விரலைப் பார்த்தார். வைத்த காலைப் பின்னுக்கு எடுத்து, கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.