சட்டைப் பைக்குள் ஓர் எலுமிச்சை: அடிலெய்டு முதல் கூல்வா வரை

வியாழக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு வெள்ளை நிற வேன் வந்து வாசலில் நின்றது. அடிலெய்டு நகரத்தின் தெற்குப் பக்கம், என் மகள் மீனா வாடகைக்கு இருக்கும் வீடு அது. நான் அரை மணி நேரம் முன்பே ஷூ போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வியர்த்திருந்தது.

நான் மதுரை சிம்மக்கல்லில் பழக்கடை வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தமிழிலேயே புது ஆட்களிடம் பேசக் கூசுவேன். அப்படிப்பட்டவனை, மகள் துணையில்லாமல் இரண்டு நாள் சுற்றுலா அனுப்புகிறார்கள். மீனா முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு கிடைக்கவில்லை. திராட்சைத் தோட்டம், ஒயின், சாப்பாடு, கடற்கரை எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு அறுநூற்றைம்பது டாலர். நம் பணத்தில் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

"ராமநாதன் சாரும் சரோஜா ஆன்ட்டியும் கூட வாராங்கப்பா. நீங்க சும்மா உக்காந்து வேடிக்கை பாருங்க, போதும்" என்றாள்.

ராமநாதன் சார் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சரோஜா அம்மா பள்ளி ஆசிரியை. அவர்களும் மதுரைதான், விளாங்குடி. மகனைப் பார்க்க வந்திருந்தார்கள். வேனில் மற்ற நான்கு பேரும் வெள்ளைக்காரர்கள். ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒரே ஆள், பெயர் கிரெக். ஐம்பது வயதிருக்கும். என் கையைப் பிடித்துக் குலுக்கி ஏதோ சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

பயம் வரும்போதெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுக்கொள்வேன். அதில் எங்கள் பாண்டி முனி கோயில் எலுமிச்சை இருந்தது. ஊரில் கிளம்பிய அன்று என் மனைவி செல்வி பூசாரி கையால் வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தது. "திரும்பி வீடு வர்ற வரைக்கும் உங்க மேலயே இருக்கணும். வந்தபெறகு ஓடுற தண்ணியில விட்ரலாம்" என்று சொல்லியிருந்தாள். சிங்கப்பூரில் விமானம் மாறியபோதும், மீனா வீட்டில் தூங்கிய ஐந்து இரவுகளிலும் அது என்னோடுதான் இருந்தது.

காலை 9.15. நாற்பது கிலோமீட்டர் தெற்கே வந்து மெக்லாரன் வேல் என்ற ஊரில் இறங்கினோம். கண் போகும் தூரம் வரை திராட்சை. நம் கம்பம் பக்கம் போலப் பந்தல் இல்லை. இடுப்பு உயரக் கொடிகள், கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. அறுவடைக் காலம். குலைகள் கறுத்துத் தொங்கின.

தோட்டத்து வாசலில் கிரெக் ஒரு பிளாஸ்டிக் தட்டில் மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்தார். ஒவ்வொருவராக அதில் ஷூவை அமிழ்த்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் முறை வந்தது. கோயில் வாசலில் கால் கழுவுவது போல நன்றாகவே அமிழ்த்தினேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். சரோஜா அம்மா எனக்குச் சொன்னார்.

"நூறு வருசத்துக்கு மேல ஆன கொடியெல்லாம் இங்க இருக்காம்ணே. வேர்ல விழுற ஒரு பூச்சி வேற நாட்டுல தோட்டம் தோட்டமா அழிச்சிருச்சாம். இந்த மாநிலத்துக்குள்ள அது இன்னும் வரலையாம். அதான் வெளி மண்ணு உள்ள வரக் கூடாதுன்னு கழுவச் சொல்றாரு."

"அம்புட்டுக் கவனமா?" என்றேன்.

"அது மட்டுமில்ல. பழ ஈன்னு ஒண்ணு இருக்காம். அதுக்கும் பயப்படுறாங்க. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க ஒரு பழங்கூடக் கொண்டுவரக் கூடாதாம். ஒரு பழத்துல ஒரு புழு இருந்தாப் போதும், ஊரே போச்சுங்கிறாரு. இவரோட தாத்தாவும் தோட்டம் வச்சிருந்தவராம்."

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கிளம்பிய நாள் முதல் அதைக் காவல் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வாசலில்தான் அது எனக்குப் பழமாகத் தெரிந்தது.

விமானத்தில் ஓர் அட்டை கொடுத்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண் எனக்காக அதை நிரப்பினாள். "பழம், விதை, செடி, ஊறுகாய் ஏதும் வச்சிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. முப்பது வருடமாகப் பழம் விற்கிறவன், என் பையில் இருந்ததைப் பழக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

நான் வந்து இறங்கிய அன்றுதான் மீனா சொல்லியிருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் இங்கேயே நிரந்தரமாக இருப்பதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். "எங்க பேர்ல ஒரு சின்ன கேஸ்கூட இல்லப்பா. ரோட்டுல ஸ்பீடாப் போனதுக்குக்கூட ஒண்ணும் இல்ல." அந்தப் பேச்சு இப்போது காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. என் கையெழுத்தால் அவள் காகிதம் கெட்டுவிட்டால்?

காலை 11 மணி. ஒயின் ருசி பார்க்கும் கூடம். நீளமான மரப் பலகைக்குப் பின்னால் நின்ற பெண் ஆளுக்கு ஐந்து கண்ணாடிக் குவளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். வாயில் வைத்துச் சுழற்றிப் பார்த்து, வேண்டாமென்றால் துப்புவதற்குக் குடுவையும் வைத்திருந்தார்கள்.

"காசு குடுத்துட்டுத் துப்புறதுக்கு நான் என்ன கேனையா?" என்று ராமநாதன் சார் எல்லாவற்றையும் விழுங்கினார்.

"மத்தியானத்துக்கு மேல உங்கள நான் தூக்கிட்டுத் திரிய முடியாது" என்றார் சரோஜா அம்மா.

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அந்தப் பெண் அதைப் புரிந்துகொண்டு ஒரு சிறு குலையைக் கொடுத்தாள். மணி சிறியது, தோல் தடித்தது, உள்ளே விதை. கடித்தால் கருப்பட்டி போல அப்படியோர் இனிப்பு. கடைக்கு வந்தால் யாரும் வாங்க மாட்டார்கள், தின்றவர்கள் விட மாட்டார்கள். இதைச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். பைக்குள் இருந்தது நினைவுக்கு வந்ததும் குலையைப் பலகையில் வைத்துவிட்டேன்.

மதியச் சாப்பாடு அதே தோட்டத்தில். ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ் காய், எண்ணெய். அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. எல்லாவற்றையும் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

பிற்பகல் 3 மணி. போர்ட் வில்லங்கா கடற்கரை. மஞ்சள் நிற மண் பாறை செங்குத்தாக நிற்க, கீழே கடல் கண்ணாடி போலக் கிடக்கிறது. பழைய படகுத் துறையின் மரக்கால்கள் மட்டும் தண்ணீருக்குள் வரிசையாக நிற்கின்றன. நான் ராமேஸ்வரம் கடலைத் தவிர வேறு கடல் பார்க்காதவன். ரசித்திருக்க வேண்டும். தூரத்தில் சட்டையில் முத்திரை வைத்த ஓர் ஆள் நாயோடு நடந்து வந்ததும் நான் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் கடற்கரைக் குப்பையைப் பார்க்க வந்தவர் என்று பிறகு தெரிந்தது.

மாலை 5.30. விக்டர் ஹார்பர் என்ற ஊரில் தங்கும் அறை. வெளிச்சம் இன்னும் இருந்தது. கதவைத் தாழ்ப்பாள் போட்டு, சன்னலோரம் போய் முடிச்சை அவிழ்த்தேன். காம்புக்குப் பக்கத்தில் கடுகு அளவு ஒரு புள்ளி. விரலால் அழுத்தினேன், லேசாக அமுங்கியது. கடையில் கொய்யாவிலும் மாம்பழத்திலும் இப்படிப் பார்த்தால் யோசிக்காமல் தனியே எடுத்துவிடுவேன். ஈ குத்திய பழத்தை வெளியே பார்த்தால் இவ்வளவுதான் தெரியும். எலுமிச்சையில் அபூர்வம், ஆனால் பார்த்திருக்கிறேன். முள் பட்டாலும் இப்படித்தான் இருக்கும். அறுத்துப் பார்த்தால்தான் உறுதி. கோயில் பழத்தில் கத்தி வைக்க எனக்குக் கை வரவில்லை. தேநீர்த் தூளும் சர்க்கரையும் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பையைக் காலி செய்து அதற்குள் போட்டு, காற்றுப் போகாமல் முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை 9 மணி. விக்டர் ஹார்பரிலிருந்து கடலுக்குள் ஒரு தீவு. நீளமான பாலத்தின் மேல் ஒரு பெரிய குதிரை டிராம் வண்டியை இழுத்துப் போகிறது. தீவு முழுக்க கிரானைட். நம் மேலூர்ப் பக்கம் எடுக்கிற கல்லேதான். அங்கே அறுத்த முகம்தான் தெரியும். இங்கே யாரும் கை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். கடல் மட்டும் தேய்த்து யானை முதுகு போல ஆக்கியிருக்கிறது. பாறை இடுக்கில் முளைத்திருந்த ஒரு புல்லைக்கூட மிதிக்க எனக்குப் பயமாக இருந்தது.

"என்ன முருகேசு, நேத்துல இருந்து மூஞ்சியே சரியில்ல? மக ஞாபகமா?" என்று ராமநாதன் சார் கேட்டார்.

அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு எலுமிச்சம்பழத்துக்கா இந்தக் கூத்து? கடல்ல தூக்கி எறிஞ்சிட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. உங்க மக விண்ணப்பம் போட்டிருக்கு. இந்த நேரத்துல போய்ச் சொன்னீங்க, வம்ப விலைக்கு வாங்குன மாதிரி."

காலை 11 மணி. பதினெட்டு கிலோமீட்டர் கிழக்கே கூல்வா கடற்கரை. அலை வந்து திரும்பும் இடத்தில் வெறுங்காலோடு நின்று இடுப்பை ஆட்டி ஆட்டி மணலுக்குள் காலைத் திருகச் சொன்னார் கிரெக். பாதத்துக்கு அடியில் மட்டிச் சிப்பிகள் தட்டுப்படுகின்றன. எட்டுப் பேரும் நின்று ஆடுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். நான் எடுத்த மட்டிகளில் மூன்று சிறியவை. கிரெக் பையிலிருந்து ஓர் அளவுகோல் எடுத்து வைத்துப் பார்த்து, அந்த மூன்றையும் அலைக்குள் கவனமாக விட்டார். யாரும் பார்க்காத கடற்கரை அது. மூன்றே மூன்று மட்டி.

பூண்டு போட்டு அவர் வேகவைத்துக் கொடுத்த மட்டியைத் தின்றேன். இரண்டு நாளில் நான் சரியாகச் சாப்பிட்டது அதுதான்.

பிற்பகல் 1.30. கூல்வா ஊருக்குள் வந்தோம். முர்ரே என்னும் பெரிய ஆறு கடலைச் சேரும் முன் அங்கே அகலமாகப் பரவிக் கிடக்கிறது. மற்றவர்கள் காபி குடிக்கப் போனார்கள். நான் கரைக்குப் போய்ப் பையை வெளியே எடுத்தேன். செல்வி சொன்ன தண்ணீர் இதோ இருக்கிறது. விட்டுவிட்டால் முறையும் தவறாது, ஊரும் அறியாது. ஆனால் கொஞ்சம் கீழே தடுப்பணை. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. பழம் மிதந்து பத்தடி தள்ளிக் கரையில்தான் ஒதுங்கும்.

பின்னாலேயே ராமநாதன் சாரும் சரோஜா அம்மாவும் வந்தார்கள்.

"எறிங்க முருகேசு, என்ன யோசனை?"

"இதுல குத்து இருக்கு சார்."

"என்ன குத்து?"

"ஈ குத்துன மாதிரி இருக்கு. கடைன்னா இதை நல்ல பழத்தோட போட மாட்டேன். இங்க போட்டுட்டுப் போகச் சொல்றீங்களே. கிரெக் சார்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

"நானா? ஆளை விடுங்க. நாளைக்கு நாமளும் கூட்டுன்னு எழுதிருவாங்க."

சரோஜா அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "வங்கியில முப்பத்தஞ்சு வருசம் இப்படித்தான் இருந்தீகளா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வாங்கண்ணே, நான் சொல்றேன்."

சரோஜா அம்மா சொல்லச் சொல்ல கிரெக்கின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அவர் கத்தவில்லை. எந்த நாள் வந்தேன், எங்கெல்லாம் வைத்திருந்தேன், எப்போது பையில் கட்டினேன் என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார். மட்டிக்கு வைத்திருந்த மூடி போட்ட டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, பையோடு அதில் போட்டு மூடினார். யாருக்கோ போன் செய்தார். அடிலெய்டு போகும் எண்பத்தைந்து கிலோமீட்டரும் டப்பா முன் இருக்கையில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

மாலை 4 மணி. பழத்திலும் செடியிலும் பூச்சி வராமல் கவனிக்கிற ஓர் அரசு அலுவலகம். இளம் பெண் அதிகாரி, கையுறை போட்டிருந்தார். என் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார். வெள்ளைத் தட்டில் எலுமிச்சையை வைத்துக் கத்தியை எடுத்தபோது நான் கண்ணை மூடி, பாண்டி முனியிடம் மன்னிப்புக் கேட்டேன். திறந்து பார்த்தபோது பழம் நான்கு துண்டு. புள்ளிக்குக் கீழே ஒரு சிறிய பழுப்புக் கோடு, அதோடு சரி. முள் குத்தியதுதான். புழு இல்லை. நானும் அவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

என் பெண்ணுக்கு ஏதும் வருமா என்று சரோஜா அம்மா மூலம் கேட்டேன். அது தன் கையில் இல்லை, கடிதம் வரும், தானாக வந்து கொடுத்தார் என்பதையும் எழுதியிருக்கிறேன் என்றார் அந்த அதிகாரி. வெளியே கிரெக் காத்திருந்தார். முதல் நாள் போலவே கையைக் குலுக்கினார். இந்த முறை கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

வீட்டில் மீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்திருந்தேன்.

"எனக்கும் ஒண்ணு குடுத்துவிட்டுச்சுப்பா அம்மா, நாலு வருசத்துக்கு முன்னாடி" என்றாள். "ஏர்போர்ட்ல நானே எடுத்துக் குடுத்தேன். குப்பையில போட்டாங்க. அழுதுகிட்டே வெளிய வந்தேன். இன்னைக்கு வரைக்கும் அம்மாட்ட சொல்லல. உங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கணும்."

பத்து நாள் கழித்து மதுரைக்குத் திரும்பினேன். ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. மீனா போனில் படித்துக் காட்டினாள். எச்சரிக்கை மட்டும், அபராதம் இல்லை. அவள் விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறாள். அவள் போன் வரும்போதெல்லாம் எனக்கு இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது.

அந்த ஊரில் கடல் இருக்கிறது, மலை இருக்கிறது, நூறு வயதுத் திராட்சை இருக்கிறது. போகிறவர்கள் நன்றாகப் பார்த்து வாருங்கள். நான் பாதிதான் பார்த்தேன்.

போன வாரம் ஓர் அம்மா கடைக்கு வந்தார். பாண்டி கோயிலுக்குப் போவதாகச் சொல்லி, புள்ளி இல்லாத எலுமிச்சையாக ஒன்று கேட்டார். பிள்ளை வெளிநாடு போகிறானாம். கூடையைக் கவிழ்த்துத் தேடி, ஒரு கீறல்கூட இல்லாததாக எடுத்துக் கொடுத்தேன்.

"பிளேன்ல ஒரு அட்டை குடுப்பாங்கம்மா" என்றேன். "அதுல, பழம் இருக்குன்னு எழுதச் சொல்லுங்க."