அப்பாவின் சனிக்கிழமைகள்

எங்கள் அப்பா அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பலரை அப்பா முறை மாற்றி அழைத்திருப்பார். கோபம் இன்னும் மிச்சமிருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஆறிக்கொள்ளுங்கள்.

அப்பா கள்ளிக்குப்பத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். வயல்கள் மனைகளானபின் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலைக்குச் சேர்ந்து, சைக்கிளில் போய் வந்தே எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். ஆனால் ஊர் அவரை மதித்தது வேறொன்றுக்காக. பூந்தமல்லி முதல் திருநின்றவூர் வரை யார் யாருக்குப் பங்காளி, யார் மாமன் மச்சான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கல்யாண வீட்டில் முறைத் தகராறு என்றால் அப்பாவைத்தான் தேடுவார்கள்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் அம்மாவின் அண்ணனைப் பார்த்து, "வா பெரீப்பா, குந்து" என்றார்.

மாமா குதித்தார். "என் தங்கச்சியக் கட்டிக்கினு என்னையே பெரீப்பான்றியா? அப்போ அவ உனக்கு அத்தையா?"

அப்பா பிறவிக் கேலிக்காரர் என்பதால் யாரும் இதை நோயென்று நினைக்கவில்லை. பால்காரரைச் சம்பந்தி என்றபோதும் சிரித்தோம். சட்டையைக் காலில் மாட்டப் பார்த்தபோதுதான் பயம் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சர்க்கரை இரண்டு சிறுநீரகங்களையும் தின்றிருந்தது. வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்தில் தேங்கினால் மூளையும் மந்தமாகும், டயாலிசிஸ் செய்தால் ஓரளவு தெளியும் என்றார் டாக்டர். மாமா அன்றோடு கோபத்தை விட்டார். செவ்வாயும் வெள்ளியும் அப்பாவை ரயிலில் அழைத்துப் போவது அவர் பொறுப்பாயிற்று. சனிக்கிழமை அப்பா பழைய அப்பா. திங்கட்கிழமை அவர் யாராக இருப்பார் என்று எங்களுக்கே தெரியாது.

பஞ்சாங்கத்துக்கு இதெல்லாம் தெரியுமா? என்னைப் பெண் பார்க்கக் காட்டுப்பாக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அது திங்கட்கிழமையைத்தான் நல்ல நாளாகக் காட்டியது. எங்களோடு உட்கார்ந்திருந்த அப்பா எழுந்துபோய் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் அமர்ந்துகொண்டார். அம்மா பஜ்ஜித் தட்டோடு வந்தார். அப்பா அம்மாவையே சற்று நேரம் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் அப்பாவிடம் கம்பீரமாகச் சொன்னார்:

"எனக்குப் பொண்ணு புடிச்சிகீது. ஊட்டுக்குப் போய் சொல்லியனுப்புறோம்ற பேச்செல்லாம் வேணாம்."

ஐம்பதைத் தொட்ட அம்மா வெட்கத்தில் பஜ்ஜியோடு சமையலறைக்கே திரும்பிவிட்டார். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். அவருடைய சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "மூள கலங்குன குடும்பம். நாளைக்கு ரத்தத்துல வந்துகினே இருக்கும்" என்று எழுந்தார். எல்லோரும் பதில் சொல்லாமல் போய்விட்டார்கள். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அழுதேன்.

மாமா காட்டுப்பாக்கம் போய் டாக்டர் சொன்னதை விளக்கினார். இது பரம்பரைப் பைத்தியம் இல்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாராம். கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா, "அவுரு தெளிவா கீற நாள் எது?" என்றாராம்.

"சனிக்கெழம. ஆனா வர்ற சனி அஷ்டமி."

"இருக்கட்டும். வர்றோம்."

வந்தார்கள். அப்பா தெளிவாக இருந்தார். கால் மணி நேரத்தில் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான ஒரு கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் முறை பிரித்துக் கொடுத்து, மாப்பிள்ளை எனக்குக் கட்டும் முறைதான் என்றும் சொன்னார். போன தடவை நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். "நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே. இப்பவும் புடிச்சிதான் கீது" என்றார். அம்மா மறுபடி சமையலறைக்கு ஓடினார்.

கடைசி மாதங்களில் டயாலிசிஸுக்குப் பிறகும் அப்பாவுக்குத் தெளியவில்லை. அமைதியாகவே போனார். அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அலுக்காமல் கூடவே அலைந்த மாமாவுக்கும், அவசரத்துக்கு வேன் கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

என் மாமியாருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். தேய்பிறையில், அதுவும் சனிக்கிழமையில் யாராவது கல்யாணம் வைப்பார்களா என்று மண்டபத்திலேயே அந்தச் சித்தப்பா சத்தம் போட்டார். மாமியார் அசரவில்லை. "பொண்ணப் பெத்தவுருக்கு நெனப்பு கீற நாளுதான்யா நல்ல நாளு" என்றார்.

அன்று அப்பா என் கையைப் பிடித்துக் கொடுத்தார். யாருடைய கையை யாரிடம் கொடுக்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.