படகில் ஒரு துண்டுப் புல்

எங்கள் பாய்மரப் படகு திருகோணமலையில் தயாராக நின்றது. மாலைதீவைத் தாண்டி ஆபிரிக்கக் கரை வரை போவதாக ஏற்பாடு. பாய் ஏற்றவும், ஆடுகிற அடுப்பில் சமைக்கவும் நான் பழகிவிட்டேன். எங்கள் நாய்தான் பாக்கி. கடலில் நாட்கணக்கில் கரை வராது. படகிலேயே காலைத் தூக்க அவன் பழக வேண்டும்.

மஸ்கெலியாவில் எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் அவன் வழக்கமாக ஒதுங்கும் தேயிலைச் செடியடியிலிருந்தே புல்லை மண்ணோடு வெட்டி ஒரு தட்டில் பரப்பினேன். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக் கிழித்து, இலவம்பஞ்சு வைத்து, அவனுக்கு மிதவைச் சட்டையும் தைத்தேன். நான் இறங்கிய காரியம் தோற்றதில்லை.

என் வீட்டுக்காரர் வெளிநாட்டுப் படகுகளில் வேலை பார்த்தவர். அவருக்கு நம்பிக்கை இல்லை. சோதித்துப் பார்க்க, ஒரு காலையில் இரவல் வள்ளத்தில் மூவரும் மஸ்கெலியா நீர்த்தேக்கத்தின் நடுவுக்குப் போனோம்.

"பொழுது சாயுறதுக்குள்ள இவன் ஒண்ணுக்குப் போகலன்னா, உங்க அக்கா வீட்லயே இருக்கட்டும். அடக்கி அடக்கி நடுக்கடல்ல செத்துருவான்," என்றார்.

"அப்ப நானும் அக்கா வீட்லயே இருந்துக்கிறேன். நீங்க மட்டும் போங்க."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனை விட்டுவிட்டு எனக்கு எந்தக் கடலும் வேண்டாம்.

பகல் முழுக்க நாய் படாத பாட்டை நான் பட்டேன். தட்டின் எதிரே குந்திக்கொண்டு, "போடா ராசா, போடா" என்று கெஞ்சினேன். அதட்டினேன். தண்ணீர் மேல் தண்ணீர் கொடுத்தேன். குடித்தான், புல்லை மோந்தான், என்னைப் பார்த்துவிட்டுக் காதை மடித்துக்கொண்டான். பின்னங்கால்கள் நடுங்கின. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் துடுப்பைக் கீழே வைத்தார்.

"நீ இப்படி அவன் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருந்தா எப்பிடிப் போவான்? அவனும் லயத்துல வளந்தவன் தானே. திரும்பி உக்காரு."

மலையிலிருந்து குழாய் வழியே வரும் பீலித் தண்ணீரில் யாராவது குளித்துக்கொண்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பது எங்கள் லயத்து மரியாதை. அதை நாய்க்கும் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. இருவரும் அவனுக்கு முதுகைக் காட்டிக் கரையைப் பார்த்து உட்கார்ந்தோம்.

சற்று நேரத்தில் புல்லில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் துள்ளித் திரும்பப் போனேன். அவர் என் தோளைப் பிடித்து அமர்த்தினார்.

"இரு, முடிக்கட்டும். மூணு பேருமாத்தானே போகப்போறோம், என்ன அவசரம்?"