உடுக்கை வடிவ ஒளிவட்டம்

இராஜபாளையத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை ஒன்றில் எனக்குச் சாரம் கட்டும் வேலை. ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது.

தேர்தலுக்கு முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நட்சத்திரப் பேச்சாளருக்குப் பொதுக்கூட்டம். சீட் கொடுக்கிறவர்கள் மதுரையிலிருந்து வந்து கூட்டத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஆள் திரண்டால் சீட். இல்லையென்றால் அவருக்கு இனிக் கல்யாண வீடுகளில் முன்வரிசை மட்டும்தான்.

பேனரில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேண்டுமென்றார். முதலாளி கம்ப்யூட்டரில் நட்சத்திரம் என்று தேடினார். உடுக்கை மாதிரி இருபுறமும் புடைத்து நடுவில் ஒடுங்கிய செம்புகை ஒன்று வந்தது. “நல்லாருக்கு” என்றேன். ஒடுங்கிய இடத்தில் பேச்சாளர் முகத்தை வைத்தார்கள்.

மைதானத்தில் அதைக் கட்டும்போது, பஸ்ஸுக்கு நின்ற கிருஷ்ணன்கோவில் காலேஜ் வாத்தியார் ஒருவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

“இது வயசான பெரிய நட்சத்திரம்ங்க. தன் உடம்பையே பிச்சு ரெண்டு பக்கமும் வீசுது. அந்தப் புகை அதைச் சுத்தி நிக்கல, விட்டுட்டுப் போய்க்கிட்டிருக்கு. கடைசியில இது வெடிச்சிரும்.”

மேடையைப் பார்க்க வந்த பேச்சாளர் பின்னாலேயே நின்றிருந்தார். அவருடைய அல்லக்கை துள்ளினான். “அண்ணாச்சி, இது எதிர்க்கட்சிக்காரன் வேல.”

“சும்மா இருலே. சார், எப்ப வெடிக்கும்?”

“நாளைக்கும் வெடிக்கலாம். லட்சம் வருசமும் ஆகலாம்.”

“லட்சம் வருசம் போதும்லே. இருக்கட்டும்.”

சாயங்காலம் காற்று அடித்ததால் கயிற்றைப் பிடித்தபடி சாரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். பேச்சுக்கு முன்பே பிரியாணிப் பொட்டலம் கொடுத்துவிட்டார்கள். அவர் “தாய்மார்களே” என்றதும் கூட்டம் எழுந்தது. இராஜபாளையம் பஸ்ஸுக்கு ஒரு பக்கம், வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு மறுபக்கம். இரண்டு வாசலுக்கு வெளியிலும் ஜனம் புடைத்து நிற்க, நடுவில் அவரும் மைக்கும். மேலிருந்து பார்த்தால் பேனரும் தரையும் ஒன்றாகவே இருந்தன.

அந்த நேரம் பார்த்து மதுரைக் கார் வந்து, ரோட்டில் ஜனத்துக்குள் மாட்டிக்கொண்டது. அல்லக்கை ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினான். “உள்ள நிக்க இடமில்லண்ணே. அதான் ஜனம் ரோட்டுக்கு வந்துட்டு.”

அவர்கள் காரில் இருந்தபடியே செல்போனில் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். ஜனம் வருகிறதா போகிறதா என்று படத்தில் எப்படித் தெரியும்?

சீட் கிடைத்துவிட்டது. மறுநாள் அவரே கடைக்கு வந்தார்.

“அதே படம்லே. இன்னும் பெருசா.”

“நல்லாருக்கும்” என்றேன்.