இருட்டில் இறங்கிய காந்தம்

இது கதையல்ல, நடந்தது. இதை எழுத நான் உயிரோடு இருப்பதே சாட்சி.

ஒஹாயோவில் எங்கள் ஆய்வுக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. நடுப்பகலிலும் கும்மிருட்டு. நாங்களே உண்டாக்கிய இருட்டு.

கரிமப் பொருளில் செய்த காந்தத் தூளை ஹீலியத்தால் கடுங்குளிரில் வைத்து, நீல ஒளி பாய்ச்சுவோம். காந்த சக்தி ஏறும். ஒளியை நிறுத்தினாலும் ஏறியது ஏறியபடியே நிற்கும். பச்சை ஒளி பட்டால் இறங்கிவிடும். அதனால், கதவுக்கு மேல் வெளியேறும் வழி காட்டும் பச்சைப் பலகையைக் கறுப்புத் துணி ஒட்டி மூடிவிடுவோம். ஆக்சிஜன் குறைந்தால் எரியும் விளக்கையும்தான். அதன் மணியைக் கோல்பி எப்போதோ நிறுத்திவிட்டான். சும்மா சும்மா அலறுகிறதாம்.

கோல்பி என் கூட்டாளி. வாயாடி. அன்று ஏணி உச்சியில் நின்று ஹீலியம் நிரப்பிக்கொண்டிருந்தான். நான் கீழே, திரை வெளிச்சத்தை மட்டுப்படுத்தச் சிவப்புத் தாள் ஒட்டிய கணினி முன்னால்.

நீல லேசரைத் திறக்குமுன் குரல் கொடுப்பது வழக்கம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டவர்கள் எண் சொல்ல வேண்டும்.

"நீலம்."

"ஒண்ணு," என்றான் கோல்பி.

"ரெண்டு." என் குரல் கீச்சென்று வந்தது.

"என்னடா, எலி மாதிரி கத்துற?" தன் வழக்கமான கனத்த குரலில் சிரித்தான்.

தொண்டை வறட்சி என்று நினைத்தேன். லேசரைத் திறந்தேன். திரையில் காந்த சக்தியைக் காட்டும் கோடு ஏறியது. பம்ப் மட்டும் டக்... டக்... டக்...

ஏதோ உறுத்தியது. கோல்பி ஏணியில் அல்லவா இருந்தான்? குரல் கதவுப் பக்கமிருந்து வந்ததே...

கோடு நின்றது.

இறங்கியது.

திரும்பினேன். பலகை பச்சையாக எரிந்தது. துணி இல்லை.

"கோல்பி, துணி விழுந்துடுச்சு. ஒட்டுடா, மூணு மாச வேலை போயிடும்."

"நீயே வந்து ஒட்டு."

கதவருகிலிருந்துதான்.

எழுந்தேன். கால் துவண்டது. பச்சையை மட்டும் பார்த்து நகர்ந்தேன்... கதவில் சாய்ந்தேன்... வெளியே விழுந்தேன்.

கதவருகே யாரும் இல்லை.

தீயணைப்பு வீரர்கள் கோல்பியை ஏணி உச்சியிலிருந்துதான் இறக்கினார்கள். ஏணியோடு பிணைத்த இடுப்புப் பட்டை அவன் உடலை விழாமல் பிடித்திருந்தது. கசிந்த ஹீலியம் ஆக்சிஜனை விரட்டிவிட்டு முதலில் கூரையடியில்தான் சேர்ந்திருக்கிறது. அவன் கைக்குள் கறுப்புத் துணி.

மறுநாள் மருத்துவர் கேட்டார். "கடைசியா பேசினப்போ அவர் குரலும் கீச்சுன்னு இருந்துச்சா?"

"இல்ல. எப்பவும் போலத்தான்."

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஹீலியத்தைச் சுவாசிச்சா யார் குரலும் கீச்சுன்னுதான் வரும்," என்றார். "சுவாசிச்சா..."